சொட்டுகிற எண்ணெய்

பழைய ஹெரால்டு கார் ஓட்டியவர்களுக்கு ஒரு சத்தம் தெரிந்திருக்கும். கிளட்சை விட்டதும் காலடியில் ‘டக்’கென்று இடிக்கும். வேகம் கூடும்போது கியர் ராடு கையில் நடுங்கும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஒரு பக்கம் சாயும். கிளட்ச் போச்சு என்பார் ஒருவர், கியர்பாக்ஸே போச்சு என்பார் இன்னொருவர். பல சமயம் போயிருப்பது கியர்பாக்ஸின் பின்பகுதியைத் தாங்குகிற மவுண்டிங்தான். இரும்புத் தகட்டோடு ஒட்டவைத்துச் சுட்ட ரப்பர் கட்டி அது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

ஆழ்வார்திருநகரியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிற ஹெரால்டு தாத்தா வாங்கியது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் செய்த வண்டி. மூலம் இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலாட்டி. அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அந்த உறவைச் சொல்லிச் சித்தப்பா எங்கள் வண்டியையும் ஸ்போர்ட்ஸ் கார் என்றே அறிமுகப்படுத்துவார். திருச்செந்தூர் ரோட்டில் டவுன் பஸ் அதை முந்திப் போகும்போதும் அவர் கருத்து மாறியதில்லை.

ஹெரால்டில் ஒரு வசதி உண்டு. முன் இருக்கைகளைத் தூக்கிவிட்டு நடுவிலுள்ள மூடியைக் கழற்றினால், காருக்குள் உட்கார்ந்தபடியே கியர்பாக்ஸைத் தொடலாம். மெக்கானிக் அண்ணாச்சி அடியில் பலகை கொடுத்து ஜாக்கியால் தாங்கி, போல்ட்டுகளைக் கழற்றி மவுண்டிங்கை எடுத்தார். ரப்பர் கறுத்து உப்பியிருந்தது. நகத்தால் கிள்ளினால் நகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு பக்கத் தகடு தனியாகவே கழன்று விழுந்தது.

“வெள்ளத்துல போயிருக்கும் அண்ணாச்சி” என்றேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. எங்கள் கொட்டகையிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்.

அவர் சிரித்தார். “தண்ணி ரப்பர என்ன செய்யும் தம்பி? பாரமும் ஒண்ணுஞ் செய்யாது, பாரந் தாங்கத்தான வச்சிருக்கான். இந்தா, இதப் பாருங்க.” கியர்பாக்ஸின் வால்பக்கத்து ஆயில் சீலைச் சுட்டினார். அதன் உதடு தேய்ந்து, கியர் ஆயில் கசிந்து, வழிந்த தடம் நேராக மவுண்டிங்கின் தலையில் போய் முடிந்தது. “சொட்டுச் சொட்டாக் கொன்னுருக்கு.”

விஷயம் இதுதான். இயற்கை ரப்பருக்குள் தண்ணீர் அவ்வளவாகப் புகாது. பெட்ரோலிய எண்ணெய் புகும். புகுந்து, ரப்பரின் நீண்ட சங்கிலிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி, உப்பவைத்து, வலுவைக் கரைக்கும். ஒரே நாளில் நடப்பதில்லை. நடப்பது வெளியே தெரிவதுமில்லை.

இன்ஜினையும் உடலையும் இப்படி மெத்தையிட்டுப் பிரித்துவைப்பது காரோடு கூடப் பிறந்த ஏற்பாடு அல்ல. முன்காலத்தில் பல கார்களில் இன்ஜினை அடிச்சட்டத்தோடு நேராகவே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். இன்ஜினின் நடுக்கம் அப்படியே பயணிகளின் பல்லுக்கு வந்தது. 1931இல் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளைமவுத் காரில் இன்ஜினை ரப்பர் மேல் உட்காரவைத்து, ‘ஃப்ளோட்டிங் பவர்’ என்று விளம்பரம் செய்தது. பிரான்சின் சிட்ரோயன் அதைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கி, வண்டியின் முகப்பில் நீந்துகிற அன்னத்தைச் சின்னமாக வைத்தது. அந்த அன்னத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அழகு. உள்ளே நசுங்கிக்கொண்டிருந்த ரப்பருக்கு யாரும் சின்னம் வைத்ததாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் அந்த இடத்தில் இருந்தது அத்தை. ரப்பரோடு தன்னை ஒப்பிடுகிறேன் என்று தெரிந்தால் விளக்குமாற்றை எடுத்துவிடுவாள். ஆனாலும் ஒப்பிடத்தான் வேண்டியிருக்கிறது. அப்பா சென்னையில், சித்தப்பா ஊரில், நடுவே பிரிக்காத வயலும் வீடும். சின்ன வயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்த அத்தை, இரண்டு பேருக்கும் நடுவே பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். கொண்டுபோகும்போது முனைகளை மழுக்கிவிடுவாள். “அவனுக்கு வயல்ல என்ன பாடு தெரியும்?” என்பது அப்பாவிடம் போய்ச் சேரும்போது “நீ ஒரு நடை வந்து பாத்துட்டுப் போகப்படாதான்னு கேக்கான்” என்று ஆகியிருக்கும்.

பாரம் அவளுக்குப் பொருட்டே அல்ல. வைகாசியில் நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் இங்கே கருடன் மேல் எழுந்தருளும்போது வீடு கொள்ளாமல் சொந்தக்காரர்கள் வருவார்கள். அத்தனை பேருக்கும் அவள்தான் சமைப்பாள். வெள்ளத்தில் தெருக்காரர்கள் எங்கள் மச்சில் ஏறி உட்கார்ந்திருந்தபோது விறகடுப்பில் கஞ்சி காய்ச்சியதும் அவள்தான். கேட்டால், “அதுக்கென்ன?” என்பாள்.

அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் மகள் வீட்டுக்குப் போனது அதற்கெல்லாம் அப்புறம், ஒன்றும் நடக்காத ஒரு நாளில். “இன்னிக்கும் காப்பி ஆறிட்டு” என்று சித்தப்பா சொன்னாராம். அதைத் தினமும் சொல்வார். ராத்திரியில் அப்பா போன் செய்து “அவன் என்ன சொன்னான்?” என்று கேட்பார். அதையும் தினமும் கேட்பார். இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை. வெள்ளத்தைத் தாங்கியவள் காப்பிக்கா கோபித்துக்கொண்டாள் என்று உறவில் எல்லாருக்கும் ஆச்சரியம். எனக்கும்தான், அண்ணாச்சி அந்த எண்ணெய்த் தடத்தைக் காட்டும்வரை.

பொறுமைசாலி என்று ஒருவரைப் புகழ்வதில் எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அவர் எவ்வளவு தாங்கினார் என்று பேசுகிறோம். எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்ப்பதில்லை. பார்த்தால் சீல் மாற்ற வேண்டியிருக்கும். அது நம்முடைய வேலையாக இருந்துவிடும். அத்தைக்கு எல்லாரும் சொன்ன யோசனை, “காதுல வாங்காதீங்க” என்பது. எண்ணெய் தாங்குகிற ரப்பரும் இருக்கிறது, நைட்ரைல் என்று. மதுரையில் மவுண்டிங்கை வார்த்துத் தருகிற கடையில் அதைக் கேட்டேன். போடலாம், ஆனால் அசைந்து அசைந்து திரும்புகிற வேலைக்கு இயற்கை ரப்பர்தான் நன்றாக உழைக்கும் என்றார்கள். காதில் வாங்காத அத்தை முனைகளை எப்படி மழுக்குவாள்?

இன்னொரு வழியும் உண்டு. ரப்பரே வேண்டாம், இரும்புத் துண்டை வைத்து இறுக்கிவிடலாம். அவசரத்துக்கு அப்படிச் செய்த வண்டிகளை அண்ணாச்சி பார்த்திருக்கிறார். கொஞ்ச நாள் ஓடும். பிறகு கியர்பாக்ஸின் காதிலோ அடிச்சட்டத்திலோ விரிசல் விடும். அத்தை போன பிறகு அப்பாவும் சித்தப்பாவும் அதைத்தான் செய்தார்கள். எல்லாம் எழுத்தில். கரண்ட் பில், தேங்காய்ப் பணம், போகத்தில் வந்த நெல் எத்தனை கோட்டை, எல்லாம் வாட்ஸாப்பில் பைசா சுத்தமாக. கணக்கில் ஒரு பிழை கிடையாது. லீவுக்கு வருகிற பிள்ளைகள் வருவது மட்டும் நின்றுபோனது.

மதுரைக் கடையில் பழைய ரப்பரை எரித்து எடுத்து, தகடுகளை மணல் வீசிச் சுத்தம் செய்து, ஒட்டுவதற்கான பூச்சுப் பூசினார்கள். கந்தகம் கலந்த ரப்பரை அச்சில் வைத்துச் சுமார் 150 டிகிரிச் சூட்டில் அழுத்தினார்கள். ரப்பர் நம் குமரி மாவட்டத்துச் சரக்கு என்று கடைக்காரர் சொன்னார். வார்த்து வாங்கி வந்ததை அண்ணாச்சி கையில் வாங்கவே இல்லை. “மொதல்ல சீல்” என்றார். சீலை மாற்றி, ஆயில் ஊற்றி, வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, மறுநாள் அட்டை காய்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் மவுண்டிங்கை ஏற்றினார்.

கருட சேவைக்கு அழைக்கச் சித்தப்பாவே ஹெரால்டை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனார். அத்தை வாசலில் நின்றபடியே கேட்டாளாம்: “காலைக் காப்பி யாரு போடுவா?”

“நான் போடுதேன்க்கா.”

“அவன் போன் பண்ணுனா?”

“நேரா எனக்கே பண்ணச் சொல்லியாச்சு.”

“எத்தன நாளைக்குன்னு பாப்போம்” என்றாளாம். பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை, மாற்றுச் சேலை இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.