வேற பாட்டில் குடுப்பா

சோடா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறோம். அடியில் தூசி மாதிரி ஏதோ மிதக்கிறது. ‘வேணாம்பா, வேற குடு’ என்கிறோம். இந்த ‘வேற குடு’வுக்குள் ஒரு தர்மசங்கடம் ஒளிந்திருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பாட்டிலில் அடைப்பவர்கள் உண்டு. (நம்மூரில் முயன்றால் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் கதவைத் தட்டும்.) மூடுவதற்கு முன் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். உள்ளே மிச்சமிருக்கிற ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை விடும். அதுதான் அந்த ‘புஸ்’. சர்க்கரை குறைந்தால் பீர் சப்பென்று போகும். கூடினால் பாட்டிலே வெடிக்கும். வேலை முடிந்த ஈஸ்ட், கசடாக அடியில் படியும். ஆக, அது அழுக்கில்லை, உழைத்ததற்கு அத்தாட்சி. பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் அதை வடிகட்டி எறிந்துவிட்டு, வாயுவைத் தனியாக ஏற்றிக் கண்ணாடி மாதிரி விற்கின்றன. நமக்கும் அதுதான் பிடிக்கிறது.

நம்ம கோலி சோடாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. கோலியைக் கழுத்து ரப்பரோடு அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே இருக்கிற வாயுதான். வாயு கசிந்தால் கோலி தளர்ந்துவிடும். காரம் போன சோடாவைக் காரமான சோடா என்று விற்க முடியாது. அந்த விஷயத்தில் பொய் சொல்லத் தெரியாத பாட்டில். ஆனால் தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று அதுவும் சொல்லாது. தெளிவாக இருப்பதெல்லாம் சுத்தம் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

இந்த நினைப்புக்கு ஒரு ஊர் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறது. கண்ணாடி டம்ளர்களில் ஒட்டியிருந்த டிடர்ஜென்ட் பீரின் நுரையை அடக்கிவிடுகிறது என்று 1960-களில் சில கம்பெனிகள் கோபால்ட் உப்பைத் துளி சேர்த்தன. நுரை நின்றது. 1965-66-ல் கனடாவின் கியூபெக் நகரில் தினமும் ஏராளமாகக் குடித்தவர்கள் இதய நோயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 48 பேரில் 20 பேர் பிழைக்கவில்லை. நுரையால் ருசி கூடவில்லை, போதை கூடவில்லை. பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

கனடா தூரம் என்றால் நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கே வருவோம். பழனி பக்கம் நெய்க்காரப்பட்டியில் வெல்ல மண்டி பிரசித்தம். கரும்புச் சாறு தன் பாட்டுக்குக் காய்ந்தால் வெல்லம் பழுப்பாகத்தான் வரும். மஞ்சளும் வெளுப்புமாக இருந்தால் கூடுதல் விலை. அதனால்தான் ‘ஹைட்ரோஸ்’ என்கிற சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் தமிழ்நாட்டுக் கொப்பரைகளுக்குள் வந்து சேர்ந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அவ்வப்போது மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்கிறார்கள்.

யார் குற்றவாளி? கலந்தவர்தான், சந்தேகமே இல்லை. என்ன போட்டோம் என்று அவருக்குத் தெரியும். பொங்கலுக்கு வெல்லம் வாங்குகிற அம்மாவுக்குத் தெரியாது. பரிசோதனைச் சாலையைக் கையில் தூக்கிக்கொண்டா சந்தைக்குப் போக முடியும்? கண்தான் இருக்கிறது, பார்க்கிறார். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. மருந்து போடாத பழுப்பு வெல்லத்தைக் கொண்டுவந்த விவசாயிக்கு விலையைக் குறைத்தது யார்? உண்மை பேசியவருக்கு அபராதம் போட்டுவிட்டு, பொய் பெருகிவிட்டதே என்று புலம்புவது என்ன நியாயம்? தெரியாமல் வெளுப்பைத் தேர்ந்தெடுப்பது வேறு. தெரிந்த பிறகும் ‘பாயசம் கறுப்பா இருந்தா விருந்தாளி என்ன நினைப்பாங்க’ என்று வெளுப்பையே கேட்பது வேறு. இரண்டாவது ஆளை என்னால் அப்பாவி லிஸ்டில் சேர்க்க முடியவில்லை.

வத்தலக்குண்டு பக்கம் சேவுகம்பட்டியில் தை மாதம் அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழங்களைச் சூறை விடுவார்கள். கூடை கூடையாக வீசும் பழங்களைக் கூட்டம் தாவிப் பிடிக்கும். நசுங்கியது, தோல் கிழிந்தது என்று யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. அதே பழத்தை மறுநாள் கடையில் நீட்டினால், ‘புள்ளி விழுந்திருக்கே’ என்பார்கள்.

இப்போது நகரத்தில் காற்று மாறி அடிக்கிறது. பழுப்பு வெல்லம், நாட்டுச் சர்க்கரைதான் ஃபேஷன். விலையும் அதற்குத்தான் கூடுதல். கடைக்காரர்கள் பழுப்பைக் கண்ணாடி ஜாடியில் முன்னால் வைக்கிறார்கள். வெளுப்பாக்கத் தெரிந்தவர்களுக்குப் பழுப்பாக்கத் தெரியாதா என்ன?