பூச்சில்லாத சுவர்

பெரும் பொருள் செலவிட்டு வீடு கட்டும் ஒருவர், "சுவருக்குப் பூச்சும் வேண்டாம், வண்ணமும் வேண்டாம், கான்கிரீட் அப்படியே தெரியட்டும்" என்கிறார். இது எளிமையா, எளிமையின் வேடம் பூண்ட ஆடம்பரமா?

ஜப்பான் தேசத்தில் ஆஷியா என்னும் ஊரில் 1981-ம் ஆண்டு அத்தகைய வீடொன்று எழும்பியது. வீட்டுக்குரியவர், உடை வடிவமைப்பில் புகழ்பெற்ற ஹிரோகோ கோஷினோ அம்மையார். அதை வகுத்தவர், கட்டடக் கலையைக் கல்லூரியில் பயிலாமல் தாமே கற்றுத் தேர்ந்த ததாவோ ஆந்தோ. அங்கிருந்த மரங்களுக்கு இடம் விட்டு, இரண்டு நீண்ட கான்கிரீட் பெட்டிகள் சரிவில் பாதி புதைந்தாற்போல் நின்றன. உள்ளே சுவருக்குச் சித்திர வேலை இல்லை. கூரையோர இடுக்கில் இறங்கும் வெயிலே அணிகலன்.

பார்வைக்கு ஏழையான அந்தச் சுவரை எழுப்புவது எளிதன்று. சாதாரணச் சுவரில் கோணல் இருந்தால் கொத்தனார் பூசி மறைத்துவிடலாம். இங்கோ, தச்சர் அடைத்த பலகையின் ரேகைகூடச் சுவரில் பதிந்துவிடும். பலகைச் சந்தில் சிமெண்டுப் பால் கசிந்தால் அங்கே ஜல்லி பல்லிளிக்கும். கலவையை நன்றாகக் குத்தி இறக்காவிட்டால் சுவர் ஓட்டை ஓட்டையாக நிற்கும். பிறகு ஒட்டுப் போட்டாலும், போட்ட இடமே காட்டிக் கொடுக்கும். ஆகவேதான் உழைப்பும் கூடுகிறது, செலவும் கூடுகிறது.

செலவு கூடியது என்பதாலேயே அது குற்றமாகாது. யாருக்காக, எதற்காகச் செலவிட்டார் என்பதே கேள்வி. "எவ்வளவு எளிமையான மனிதர்!" என்று ஊரார் மெச்சுவதற்காக ஒருவர் அப்படிக் கட்டினால், சுவருக்கு வேண்டாமென்ற பூச்சை அவர் தம் மனத்துக்குப் பூசிக்கொண்டார். மாசற்ற சுவரைக் கேட்டுவிட்டு, தச்சரையும் சித்தாளையும் அவசரப்படுத்திக் கூலியில் பேரம் பேசுகிறவரும் அப்படியே. வேண்டிய நாளையும் நியாயமான கூலியையும் மனமாரக் கொடுப்பவரோ, அதே பணத்தால் உழைப்பைக் கனம்பண்ணுகிறார்.

நம்மில் பலர் அப்படிப்பட்ட மாளிகை கட்டப்போவதில்லை. ஆயினும் நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வேலை செய்கிறோம். "இது வெளியே தெரியாது, பிறகு பூசிக்கொள்ளலாம்" என்று அதில் எந்த மூலையைக் கோணலாக விட்டிருக்கிறோம்? நிறுவையிலா, கணக்கிலா, கொடுத்த வாக்கிலா? பூச்சுக்குள் மறையப்போகும் சுவரையும், பூசாத சுவரைக் கட்டும் கவனத்தோடு கட்டுகிறவனே நேர்மையாளன். சிந்திப்போமாக.