கொள்ளைநோயும் பகைவருக்குச் செய்யும் தொண்டும்

கி.பி. 250-களில் ரோமப் பேரரசெங்கும் பரவிய கொள்ளைநோய்க்கு, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயராக இருந்த சிப்ரியானின் பெயரே நிலைத்துவிட்டது. அதன் குறிகளைத் தம் நூலொன்றில் எழுதிவைத்தவர் அவர்: ஓயாத வயிற்றுப்போக்கு, வாந்தி, தொண்டைப் புண், கண்ணெரிச்சல். பிழைத்தவர்களிலும் சிலர் நடையையோ செவியையோ பார்வையையோ இழந்தார்கள்.

நோய் வந்த காலம் கிறிஸ்தவர்களுக்குக் கொடியது. பேரரசின் தெய்வங்களுக்கு எல்லோரும் பலியிட வேண்டும் என்று பேரரசர் டீசியஸ் ஆணையிட்டு அதிக காலம் ஆகவில்லை. மறுத்தவர்கள் சிறைப்பட்டார்கள்; சிலர் உயிரிழந்தார்கள். தெய்வங்களை இவர்கள் வணங்காததால்தான் நோய் வந்தது என்ற பழியும் சேர்ந்தது. நேற்றுவரை தங்களைத் துன்புறுத்தியவர் இன்று நோயில் கிடந்தால், அவருக்குத் தண்ணீர் கொடுப்பது கடமையா என்ற கேள்வி இச்சூழலில்தான் எழுந்தது.

சிப்ரியானின் வாழ்க்கையை எழுதிய திருத்தொண்டர் போன்டியஸ், அவர் அளித்த விடையைப் பதிவு செய்துள்ளார். தொற்றுக்கு அஞ்சி மக்கள் சொந்த வீட்டாரையே கைவிட்டார்கள். தெருக்களில் பிணங்கள் கிடந்தன. சிப்ரியான் தம் சபையினரைக் கூட்டி, தம்மவருக்கு மட்டும் உதவுவதில் தனிச்சிறப்பு ஏதுமில்லை என்றார். கடவுள் நல்லோர்க்கும் தீயோர்க்கும் ஒன்றுபோல் கதிரவனையும் மழையையும் தருகிறார். அவருடைய பிள்ளைகள் என்போர் தந்தையைப்போல் நடக்க வேண்டும் என்பது சிப்ரியானின் வாதம். பெறுபவரின் தகுதியை வைத்து இரக்கத்தை அளக்கக்கூடாது என்பது இதன் உட்பொருள்.

அறிவுரையோடு வேலைப்பங்கீடும் நடந்தது. அவரவர் நிலைக்கேற்பப் பணிகள் பிரித்துத் தரப்பட்டன. செல்வர் பணம் தந்தார்கள். கொடுக்க ஏதுமில்லாத ஏழைகள் உடலுழைப்பைத் தந்தார்கள். அவ்வுழைப்பு பணத்தினும் மேலானது என்கிறார் போன்டியஸ்.

நம்பினவர்களும் மற்றவர்களைப்போலவே ஏன் சாகிறார்கள் என்ற கலக்கம் சபைக்குள் இருந்தது. உடலெடுத்த எல்லோருக்கும் பஞ்சமும் நோயும் பொது; நம்பிக்கை அவற்றிலிருந்து விலக்கு அளிப்பதில்லை என்று சிப்ரியான் பதில் எழுதினார். நலமுள்ளவர் நோயாளியைக் கவனிக்கிறாரா, உறவினர் உறவினரைத் தாங்குகிறாரா, மருத்துவர் நோயாளியைக் கைவிடாமல் இருக்கிறாரா என்று மனித மனங்களை ஆராயும் சோதனையாகவே அவர் கொள்ளைநோயைக் கண்டார்.

எகிப்தின் அலெக்சாந்திரியாவிலும் இதே நிலை. நோயாளிகளைப் பேணிய குருக்களும் திருத்தொண்டர்களும் பொதுநிலையினரும் நோய் தொற்றி இறந்ததை அந்நகர ஆயர் தியோனீசியஸ் எழுதியுள்ளார். அச்சாவு மறைசாட்சியரின் சாவுக்குச் சற்றும் குறைந்ததன்று என்பது அவர் கருத்து.

இந்தத் தொண்டு சபைக்குப் பாதுகாப்பை வாங்கித் தரவில்லை. பேரரசர் வலேரியன் காலத்தில் அடக்குமுறை திரும்பியது. 258 செப்டம்பர் 14 அன்று கார்த்தேஜில் சிப்ரியானின் தலை வெட்டப்பட்டது. ஆயினும் அவருடைய வாதம் இதனால் பழுதுபடவில்லை. உதவி பெறுபவரிடமிருந்து கைம்மாறு கிடைக்கும் என்பதன்மேல் அது எழுப்பப்படவில்லை.