கிணறும் உடைமையும்

பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் வாழ்வோர் தாம் அருந்தும் நீரின் பிறப்பிடத்தைக் காண்பது அரிது. கொழும்பு மாநகரின் நீரிற் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுக்கப்பெற்று, சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி வந்து சேர்கிறது. கரையோர ஆலைகள் அவ்வாற்றுக்கு எதனைக் கொடுக்கின்றன என்ற வினா குழாயைத் திறக்கும்போது எழுவதில்லை. 2015 ஆகஸ்டில் குளிர்பான ஆலையொன்றிலிருந்து கசிந்த டீசல் ஆற்றிற் கலந்தபோதுதான் பலர் அதனை நினைந்தனர். ஓடும் நீர் மாசினைக் கடலுக்குக் கொண்டு சென்றுவிடும். மக்களின் நினைவும் அதனோடு போய்விடுகிறது.

நிலத்தடி நீர் அத்தகையதன்று. பம்பலப்பிட்டிவாசிகளுட் பலருக்குப் பூர்வீக வீடுவளவு உள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குழிவுகளிலும் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. பெரும்பாலும் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதனையே. மழையை விரைந்து உள்வாங்கும் அப்பாறை கழிவையும் அவ்வாறே உள்வாங்கும். வடித்துக் கொடுக்க மேலே போதிய மண் இல்லை.

சுன்னாகம் மின்னிலைய வளவிலிருந்து கழிவெண்ணெய் நிலத்தினுட் சென்று அயற்கிணறுகளைக் கெடுத்தது என்ற முறைப்பாடு 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெரிதாக எழுந்தது. பவுசரில் நீர் வழங்கவேண்டிய நிலை உண்டாயிற்று. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகள் எண்ணெய் உண்டென்றன; வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ மாறான முடிவுக்கு வந்தது.

ஒழுக்கவியல் நோக்கில் இவ்விவகாரத்தின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. அறிஞர் தம்முள் மாறுபடும்போது ஐயத்தின் பயன் யாரைச் சேரவேண்டும்? குற்றவியலில் அது குற்றஞ்சாட்டப்பட்டவரைச் சேரும். நிரபராதி சிறைசெல்வதிலும் குற்றவாளி தப்புவது மேல் என்பது அதன் நியாயம். அவ்விதியைக் கிணற்றுக்கும் பொருத்தின், நிரூபணம் வரும்வரை தாயொருத்தி அந்நீரையே பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆலையைப் பிழையாக நிறுத்தினால் நட்டமாவது பணம். பிழையாக ஓடவிட்டால் நட்டமாவது பாறையினுள் உள்ள நீர். அதனை வெளியே எடுத்துக் கழுவி மீண்டும் இடுவது மிகக் கடினம். பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 இல் ஏற்றுக்கொண்டதும் இந்நியாயத்தையே: தன் செயல் தீங்கற்றது எனக் காட்டும் பாரம் தொழில் நடத்துபவரைச் சாரும்.

சுன்னாகம் வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலிற் குடிமக்களின் பக்கம் நின்று, 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு மின்கம்பனிக்கு ஆணையிட்டது. மாசுபடுத்தியவரே செலுத்துக என்பது நியாயமான கொள்கையே. ஆயினும் தொகை முன்கூட்டியே கணக்கிடத்தக்கதாயின், தண்டம் கட்டணமாகிவிடும் ஆபத்து உண்டு. கணக்குப் பிள்ளை அதனைச் செலவேட்டில் எழுதிக்கொள்வார், வேறொன்றும் நிகழாது.

ஆலையை மட்டும் நொந்து அமைவதும் நேர்மையாகாது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைக் கடந்துள்ளது. தோட்டத்துக்கு இட்ட பசளையும் வளவுக்குள் வெட்டிய மலக்குழியும் அதற்குக் காரணம். இங்கே கெடுப்பவரும் குடிப்பவரும் ஒருவரே. அயலவர் கிணறும் உடன் கெடுகிறது.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் நுணுக்கமாக எழுதப்படும். எவர் எம்முறையில் இறைப்பது என்பதுபற்றி வழக்காடியவர்களும் உண்டு. அவ்வுறுதிகள் நீரை அள்ளும் உரிமையைப் பேசுவன. வேலிக்குக் கீழே எல்லையின்றிப் பரந்துள்ள நீரைக் காக்கும் கடமை அவற்றில் இடம்பெறுவதில்லை. எப்பாவெல பொஸ்பேற்று வழக்கில், 2000 ஆம் ஆண்டில், இயற்கை வளங்களுக்கு அரசு காவலாளி மாத்திரமே என்ற கருத்து வலியுறுத்தப்பட்டது. அரசைக் காவலாளியாக்கிய பின் பங்காளர் யாவர் என்ற வினா எஞ்சுகிறது. போர்க்கால இருளைக் கடந்து சுன்னாகத்து மின்சாரத்தால் விளக்கேற்றிய வீடுகளும் அவருள் அடங்குமா என்பதை எந்த உறுதியும் கூறவில்லை.