பிறர் காட்டில் விளையும் நம்பிக்கை

லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் ஒரு பையனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டால், அரசு வேலை கிடைத்ததா என்றே பொருள். மற்றதெல்லாம் 'சும்மா ஏதோ பண்ணிட்டிருக்கான்' கணக்கில் சேரும். மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் இதைச் சோம்பல் என்று சட்டென்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அநியாயம். லிட்டில் அந்தமானில் குடியேற்றம், நிலம், மரவெட்டு, செம்பனை எல்லாமே அரசின் கையால் வந்தவை. 1977இல் பிறந்த அரசுக் கார்ப்பரேஷன் ஏறத்தாழ 1,600 ஹெக்டேரில் செம்பனை வளர்த்தது. தகப்பன் டி.ஆர்.எம். என்ற தினக்கூலிப் பட்டியலில் சேர்ந்து, ரெகுலர் ஆகும் நாளை எண்ணியிருப்பார். பிள்ளை அதைப் பார்த்தே வளர்ந்தான். பிறகு 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் மரவெட்டை நிறுத்தியது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊரைப் புரட்டியது. 2017இல் கார்ப்பரேஷனை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, ஒரே ஆலையை நம்பியிருந்த ஊர்களின் பிள்ளைகளும் இப்படித்தான் பிடிமானமின்றி நின்றார்கள். மறு ஆண்டு ரஷ்ய அரசு ஆளுக்கொரு பங்குச் சீட்டு கொடுத்தது; முகமதிப்பு 10,000 ரூபிள். பலர் அதை அன்றாடச் செலவுக்காக வந்த விலைக்கு விற்றார்கள். பசித்தவனிடம் நாளையைக் கொடுத்தால் இன்றைக்கே விற்பான். அதில் அவன் குற்றம் என்ன?

ஹட் பே பிள்ளைக்கும் அப்படி ஒரு நாளை காட்டப்பட்டது. சிங்கப்பூருக்குப் போட்டியாக லிட்டில் அந்தமானில் நகரம் எழும் என்ற நிதி ஆயோக்கின் திட்டம் 2021இல் வெளியே தெரிந்தது. ஊர் இளைஞன் ஒருவன் அதைக் கேட்டு மகிழ்ந்திருந்தால் அவனைக் கடிய எனக்கு மனம் வராது. ஆனால் அதற்குக் கேட்கப்பட்ட 240 சதுர கிலோமீட்டரில் தீவின் பழங்குடிகளான ஓங்கேக்களின் காடும் அடக்கம். 1957இல் தீவு முழுவதும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. எழுபதுகளில் குடியேற்றத்துக்காக அது சுருங்கியது. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 101 பேர். கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த அந்த இளைஞனின் தாத்தாவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. பேரனுக்குத் தெரியும். தெரிந்தபின் அந்த நகரத்தை விரும்புவது அவனுக்கு எளிதாக இருக்கக் கூடாது.

அவனுக்கு வேண்டியவை சிறியவை. மீன் விற்கப் போக வேண்டிய போர்ட் பிளேர் 120 கிலோமீட்டர் போல. கடல் சீறினால் கப்பல் நின்றுவிடும்; ஜெட்டியில் தெர்மோகோல் பெட்டிக்குள் மீன்மேல் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும், அன்றைய டீசல் காசும் அதோடு போகும். ஒழுங்கான கப்பல், நல்ல குளிர்பதனக் கிடங்கு, படகுக்கு வங்கிக் கடன்: இவற்றைக் கேட்டு வாங்க ஓங்கேக்களின் ஒரு மரத்தையும் சாய்க்க வேண்டியதில்லை.