நமச்சிவாயப் பதிகமும் எங்கள் கடலும்



எமது ஆலய மகோற்சவ மலருக்கு வருடாவருடம் பரிபாலன சபை சார்பில் வரவு செலவு அறிக்கை எழுதுவதே என் வேலை. முப்பது வருடம் அரசாங்கப் பணிமனையில் எழுதுவினைஞராக இருந்தவனுக்கு அது இலகு. இம்முறை ஒரு தேவாரத்தைப் பற்றி எழுதும்படி சபையினர் கேட்டார்கள். பல வருடங்களாக நான் பாட மறுத்த பதிகத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

அது அப்பர் சுவாமிகளின் நமச்சிவாயப் பதிகம். நான்காந் திருமுறையில் பதினோராவது, பண் காந்தாரபஞ்சமம். வரலாறு நீங்கள் அறிந்ததே. சமண சமயத்திலிருந்து சைவத்துக்கு மீண்ட நாவுக்கரசரைப் பல்லவ மன்னன் நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான். ஒன்றும் பலிக்காமற்போகக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளுவித்தான். அப்போது பாடியது இது. கல்லே தெப்பமாக மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் அவரைக் கரைசேர்த்தது என்பது சேக்கிழார் வாக்கு. எங்கள் தலைமுறை இதை நாவலர் பெருமானின் பெரியபுராண வசனத்தில் படித்தது.

நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவகத்தில் இந்தப் பதிகத்துக்குத் தனிக் கிராக்கி உண்டு. தொழிலுக்குப் போகிற வீட்டிலும் பாடுவார்கள், குறிகட்டுவானில் வள்ளம் ஏறும்போதும் முணுமுணுப்பார்கள். என் தாயார் விளக்கு வைத்ததும் முதலில் பாடுவது இதைத்தான்.

1990 ஆவணியில் வேலணைத்தீவை விட்டு வெளியேறினோம். பண்ணைப் பாதையால் போக வழியில்லை. இரவோடிரவாக வள்ளத்தில் அராலிப் பக்கம் போய் இறங்கினோம். அம்மா வழி முழுக்கப் பதிகத்தைப் பாடிக்கொண்டே வந்தார். விடிந்த பிறகுதான் மாடுகளைக் கட்டையிலிருந்து அவிழ்த்துவிடவில்லை என்ற நினைவு வந்தது. வாயில்லாச் சீவன்கள், தண்ணியில்லாமல் செத்துப்போகும் என்று அண்ணர் திரும்பிப் போனார். இரண்டு நாளின் பின் வள்ளம் கரையொதுங்கியது. அண்ணர் வரவில்லை.

அன்றோடு எனக்கு அந்தப் பதிகம் கசந்தது. கோயிலில் பஞ்சபுராணம் ஓதச் சொன்னால் வேறு தேவாரம் பாடுவேன். அப்பருக்குக் கல்லு மிதந்தது; எங்களுக்கு வள்ளம் மட்டும் மிதந்தது. 1985 மே 15 ஆம் திகதி குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்களே, அவர்களிலும் எத்தனை பேர் சிறுவயதில் இதைப் பாடமாக்கியிருப்பார்கள் என்று யோசிப்பேன். மற்றவர்களுக்கு மரணச் சான்றிதழ் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த கை இது. அண்ணருக்காக அதே படிவத்தை எடுத்தபோது பெயருக்கு மேலே போகவில்லை.

அம்மாவோ நிறுத்தவில்லை. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலம். ஜாம் போத்தல் விளக்கில் திரியைச் சிறிதாக்கி வைத்துக்கொண்டு அதையே பாடுவார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன்:

"கல்லு மிதந்ததெண்டு பாடுறியள். அண்ணருக்கு ஏனம்மா மிதக்கேல்லை?"

அம்மா கோபிக்கவில்லை. "தம்பி, கல்லு மிதந்ததெண்டு பாட்டிலை எங்கையடா கிடக்கு? வடிவாய்ப் படிச்சுப் பார்" என்றார்.

பார்த்தேன். அடியார்களே, நீங்களும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். முதற்பாட்டில் கல்லைக் கட்டிக் கடலில் தள்ளினாலும் நமச்சிவாய என்பது நல்ல துணை என்கிறார். அவ்வளவுதான். மிதப்பேன் என்றோ கரைசேர்வேன் என்றோ ஒரு சொல் அங்கே இல்லை. தாம் உய்ந்ததை அவர் திருநீலக்குடிப் பதிகத்தில் பாடியிருக்கிறார், உண்மை. ஆனால் அது கரையேறிய பிறகு பாடியது. இது தண்ணீரில் கிடந்து பாடியது. கிடந்தவருக்குக் கரை தெரியாது.

இன்னொரு பாட்டில், துன்பத்தில் இருந்தாலும் எங்களை விடுவியுங்கள் என்று யாரிடமும் இரக்கமாட்டோம், மலையின் கீழே அகப்பட்டுக் கிடந்தாலும் எங்கள் நடுக்கத்தைக் கெடுப்பது அந்த நாமமே என்கிறார். மலையைத் தூக்கும் என்று சொல்லவில்லை. நடுக்கத்தை எடுக்கும் என்கிறார். இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட எத்தனையோ வருடம் சென்றது. விளக்குப் பாட்டு மட்டும் அந்த நாளிலேயே விளங்கிவிட்டது. வீட்டு விளக்கு இருளைக் கெடுக்கும் என்று தொடங்கி நெஞ்சுக்குள் எரிகிற விளக்கில் வந்து முடியும். ஜாம் போத்தல் வெளிச்சத்தில் அதைக் கேட்டவர்களுக்கு உரை தேவையில்லை.

துணை என்ற சொல் அப்பருக்கு எங்கிருந்து வந்தது என்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. இது என் சொந்த எண்ணம், பிழையாயின் பெரியோர் பொறுக்க. அவருடைய தமக்கை திலகவதியார். அவருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். தாமும் உயிர்விடத் துணிந்தவர், தம்பிக்காக உயிரைத் தாங்கிக்கொண்டார். தம்பி வேறு சமயம் போனபோதும் திருவதிகையில் திருவலகும் மெழுக்குமாகத் தொண்டு செய்திருந்தார். சூலை நோயோடு இரவில் வந்து விழுந்தவருக்குத் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனவரும் அவரே. நோயை அவர் மாற்றவில்லை, மாற்றியவன் வீரட்டானத்து இறைவன். அவர் கூட நின்றார். தீவகத்திலும் வன்னியிலும் இப்படிப் போரில் துணையை இழந்து, பிறருக்காக உயிரைத் தாங்கிய பெண்கள் எத்தனை பேர்!

2002 இல் நாங்கள் ஊர் திரும்பியபோது கோயில் வீதியில் ஆளுயரத்துக்குப் பற்றை. அம்மா அதன் பிறகு நாலு வருடம் இருந்தார். கடைசிக் கிழமையில் பேச்சு நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. என்ன பாடுகிறார் என்று எங்களுக்குத் தெரியும். அன்றுதான், பதினாறு வருடத்துக்குப் பிறகு, பக்கத்திலிருந்து நான் அதைப் பாடினேன்.

இப்போது வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு அண்ணி வருவார். எண்ணெய் விட்டுத் திரி தூண்டிவிட்டு, மண்டபத் தூணோடு சாய்ந்திருந்து இந்தப் பதிகத்தைத் தொடங்குவார். எழுபது கடந்துவிட்டது, அடிகள் இடையில் மறந்துபோகின்றன. நான் எடுத்துக் கொடுக்க, அவர் தொடர்ந்து பாடுகிறார்.