மாற்றிக் கொடுத்தால் தீர்ந்ததா?



தோணிகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கிற இடத்தில் நீங்கள் சற்று நின்று பார்த்ததுண்டா? ஒரு பக்கம் கலப்பத்துக்காரர் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை வைத்து அடித்து இறுக்கிக்கொண்டிருப்பார். மறுபக்கம் ஆசாரி, துருவேறிப் பலகையோடு ஒட்டிப்போன பழைய ஆணிகளை வெட்டிரும்பால் வெட்டி எடுத்துக்கொண்டிருப்பார். மாப்பிள்ளையூரணியிலிருந்து தூத்துக்குடிப் பட்டணத்துக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு இது புதிய காட்சியல்ல.

சில வருஷங்களுக்கு முன் அப்படிப்பட்ட ஆசாரி ஒருவர், வழக்கமாக வாங்கும் வெட்டிரும்பை விட்டு, அதைப்போல் மூன்று மடங்கு விலையுள்ள ஒன்றை வாங்கினார். பளபளப்பான பூச்சு, அழகான பெட்டி, பேர்பெற்ற முத்திரை, உடைந்தால் மாற்றித் தருவோம் என்று ஒரு சீட்டு, எல்லாம் இருந்தன. மூன்றாம் நாள் சுத்தியல் அடி விழுந்தவுடன் அதன் தலையிலிருந்து ஒரு சில்லு தெறித்து அவருடைய புருவத்தைக் கிழித்தது. கை தடுமாறியதில் வெட்டிரும்பின் வாய் புதுப் பலகையொன்றின் ஓரத்தில் ஆழமாய் இறங்கிவிட்டது. சில்லு அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் ஒரு கண் போயிருக்கும்.

கடைக்காரர் நல்லவர். மறுபேச்சில்லாமல் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். ஆசாரி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, “அண்ணாச்சி, இரும்ப மாத்தித் தந்துட்டிய, சரி. நான் அடிச்சுப் பாக்கதுக்கு முன்னால, இத வேற யாராவது அடிச்சுப் பாத்திருக்காவளா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு அந்தக் கேள்வி இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அந்தக் கேள்வியின் பாரம் தெரியவேண்டுமானால் இரும்பைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வெட்டிரும்பின் வாய் கடினமாயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆணியில் மழுங்கிப்போகும். தலையோ மெதுவாயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுத்தியலின் அடியில் சில்லாய்த் தெறிக்கும். எஃகைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தால் அது கண்ணாடிபோல் கடினமாகிறது. கண்ணாடிபோலவே நொறுங்கவும் செய்கிறது. ஆகையால் அதை மறுபடி அளவாகச் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். தேய்த்துத் துலக்கிய எஃகின்மேல் 220 டிகிரி அளவில் வைக்கோல் நிறம் படரும். பிறகு பழுப்பு, அதன்பின் ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். உலைக்களத்தில் பழகிய கொல்லாசாரி இந்த நிறங்களைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். வாயை மட்டும் தோய்க்க வேண்டிய இடத்தில், அவசரத்தில் முழு இரும்பையும் தோய்த்து எடுத்துவிட்டால் தலையும் கடினமாகிவிடும். மேலே பூச்சு ஏறிய பிறகு எந்தக் கண்ணாலும் இதைக் காணமுடியாது.

ஆனால் பூச்சு ஏறுமுன் காணலாம். ஓர் அரத்தை எடுத்துத் தலையில் ஒருமுறை இழுத்தால் போதும். அரம் கடித்தால் இரும்பு மெது, வழுக்கினால் கடினம். இதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

அப்படியிருக்க ஏன் செய்யவில்லை? ஆலைக்காரரின் பதிலையும் நாம் நியாயமாய்க் கேட்கவேண்டும். லட்சக்கணக்கில் உருப்படிகள் வெளிவரும்போது ஒவ்வொன்றையும் சோதித்தால் கூலி ஏறும், விலை ஏறும். மேலும் சில சோதனைகள் பொருளையே அழித்துவிடும். ஓர் இரும்பு எத்தனை அடி தாங்கும் என்று பார்க்க அதை உடைத்துத்தான் பார்க்கவேண்டும். எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்தால் விற்பதற்கு என்ன மிஞ்சும்? ஆகவே மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்த்து மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த கம்பெனியில் வேலைபார்த்த வால்டர் ஷூஹார்ட் என்பவர், உற்பத்தி ஒழுங்காய்ப் போகிறதா தடம் புரள்கிறதா என்று காட்டும் வரைபடத்தை 1924-ல் வகுத்தார். அவர் 1947–48-ல் இந்தியாவுக்கும் வந்து இந்த முறையைப் பரப்பினார். அதே 1947-ல் இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் தோன்றியது. 1952-ம் வருஷத்துச் சட்டத்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரை வந்தது. 1987 முதல் அந்த வேலையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் பார்க்கிறது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. 1963-ல் ஏற்றுமதிச் சரக்குகளுக்கென்று தனிச் சட்டமும் வந்தது: அரசாங்கம் குறிப்பிடும் பொருள்கள் கப்பலேறுமுன் சோதனைக்கு உட்படவேண்டும். அயல்நாட்டார் முன் நம் பேர் கெடக்கூடாது என்பது சரிதான். உள்ளூர் ஆசாரியின் கண்ணும் கண்தானே என்று சொல்லத் தோன்றுகிறது, இருக்கட்டும்.

மாதிரி பார்த்து மொத்தத்தை மதிப்பது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அதற்கு முன்பெல்லாம் குளிப்பு அறிவிக்குமுன் அதிகாரிகள் முத்துப்பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துவரச் செய்து, திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிடுவார்கள். அந்த மதிப்பை வைத்தே குளிப்பு உண்டா இல்லையா என்று முடிவாகும். பிறகு சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் வீதம் ஏலம் விடுவார்கள். எடுத்தவருக்கு ஒரு நல்ல முத்து அகப்படலாம். வெறும் ஓடும் நாற்றமும் மிஞ்சலாம். ஆனால் அங்கே வஞ்சகம் இல்லை. சிப்பிக்குள் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இருவருக்கும் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும். அதிர்ஷ்டத்தை வாங்குகிறவர் அதிர்ஷ்டத்துக்குரிய விலையைக் கொடுத்தார்.

வாசகரே, அந்த ஆசாரி கொடுத்தது எதன் விலை? மூன்று மடங்கு எஃகு அதில் இல்லை. மலிவான இரும்பை வாங்கினால் சந்தேகத்தோடு அடிக்கவேண்டும். இதை வாங்கினால் சந்தேகமின்றி அடிக்கலாம். அந்தச் சந்தேகமின்மைக்குத்தான் அவர் காசு கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு அவர் கையில் திறவாத சிப்பியைக் கொடுத்திருக்கிறார்கள்.

மறைந்த பழுதைப்பற்றி அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவர் போதிப்பதன் சாரம் இது: குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் வாங்குகிறவனே பார்த்துக்கொள்ளலாம், விற்பவன் அதைக் கூவிச் சொல்லவேண்டியதில்லை, விலையைக் குறைத்தால் போதும். ஆனால் பழுது மறைந்திருந்து, அதனால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ நேருமென்றால் சொல்லியே தீரவேண்டும். இடியப்போகிற வீட்டை உறுதியான வீடென்று விற்பது அப்படிப்பட்டது. தெரியாமல் விற்றவன்மேல் பாவம் இல்லை. ஆனால் தெரியவந்த பின் வாங்கினவனுக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டிருக்கிறான்.

இதிலே ஆலைக்காரர் தப்பித்துக்கொள்ள ஒரு வழி இருப்பதுபோல் தோன்றும். “எந்த உருப்படியில் பழுது என்று எங்களுக்குத் தெரியாதே” என்பார்கள். மெய்தான், எந்த ஒன்று என்று தெரியாது. ஆனால் நூற்றுக்கு இத்தனை பழுது போனாலும் போகட்டும் என்று முன்கூட்டியே எண்ணிக்கை வகுத்தவர்களுக்கு, எங்கோ ஒருவர் கையில் அது வெடிக்கும் என்பது தெரியாதா? எண்ணிக்கை வகுப்பதையே நான் குற்றம் சொல்லவில்லை. மனுஷர் செய்கிற எதிலும் பழுது வரும். பரிசோதனை விதிகளை எழுதினவர்களே பழுதுகளை வகை பிரித்திருக்கிறார்கள்: பூச்சில் கீறல் சிறியது; வேலைக்கு உதவாமற் போவது பெரியது; உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தானது தனி வகை. கீறலுக்குச் சகிப்பு இருக்கலாம். அடிபடும் தலையில் கீறலுக்குரிய சகிப்பைக் காட்டினால் அது சிக்கனம் அல்ல. அந்தச் செலவை அடிக்கிறவரின் முகத்தின்மேல் போடுவதாகும்.

மாற்றித் தருவோம் என்கிற சீட்டைப்பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அது கௌரவமான வாக்குறுதிதான். நாமும் அதைப் பார்த்தே பொருள் வாங்குகிறோம். ஆனால் சில இடங்களில் கணக்கு வேறாயிருக்கிறது. ஆயிரம் உருப்படியைச் சோதிக்க ஆகும் செலவைவிட, உடைந்து திரும்பிவரும் நாலைந்தை மாற்றிக் கொடுப்பது மலிவு என்று கண்டுகொள்கிறார்கள். அப்போது கடைசிப் பரிசோதகர் யார்? வாங்கினவரே. சம்பளம் இல்லாத பரிசோதகர்; காயப்பட்டால் வைத்தியச் செலவும் அவருடையது. ஏழாம் கற்பனையை நாம் படித்தபோது, களவு செய்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதோடு, அதனால் நேர்ந்த நஷ்டத்தையும் ஈடுசெய்ய வேண்டுமென்று கற்றோம். வெட்டிரும்புக்கு வெட்டிரும்பு வந்துவிட்டது. அன்றைய கூலி வரவில்லை. புருவத்தில் போட்ட தையலுக்கும் யாரும் கொடுக்கவில்லை.

நம் வீடுகளுக்கும் இந்தக் கேள்வி தூரமல்ல. கட்டிடத்துக்குக் கம்பி கட்டுகிறவர்கள், தையல் வேலை செய்கிறவர்கள், மின்சாரக் கம்பி இழுக்கிறவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். சுவருக்குள்ளும் சாயத்துக்குள்ளும் மறைந்துபோகிற வேலையை அன்றாடம் செய்கிறவர்கள் இவர்கள்.

அந்த ஆசாரிக்கும் அன்றைக்கே அது வந்தது. கை தடுமாறிப் பலகையோரத்தில் விழுந்த வெட்டைச் சொன்னேனல்லவா? அது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தது. மக்கு வைத்து அடைத்து மேலே சாயம் பூசினால் கரையில் நிற்கிற எவருக்கும் தெரியாது. கடலில் சரக்கோடு போகிறவர்களுக்குத்தான் தெரியும். கண்ணுக்குமேல் துணிக்கட்டோடு வந்தவர் நேரே தோணி முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னார். முதலாளி கொஞ்சம் முணுமுணுத்தார். பிறகு புதுப் பலகைக்குப் பணம் கொடுத்தார். பலகையைக் கழற்றி வேறு பலகை ஏற்ற ஆசாரிக்கு அரை நாள் ஆயிற்று. அந்த அரை நாளுக்கு அவர் கூலி கேட்கவில்லை, முதலாளியும் கொடுக்கவில்லை.